எட்டுச் சனிக்கிழமை விடுப்பு

ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

"நீங்க எந்தச் சனிக்கிழமையிலேருந்து வர மாட்டீங்க?"

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். தெரியாததை, "நாளைக்குச் சொல்றேன், உட்காரு" என்று சமாளித்திருக்கிறேன். நேற்று மாலை நான்கு மணிக்கு, குழந்தைகள் இல்லத்தின் வாசற்படியில் ஒரு பத்து வயதுப் பெண் கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு வாயே திறக்கவில்லை. அதுவரை அவள் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அவள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் நீங்கள் வேலை பார்க்கும் கட்டடத்தில் லிப்டில் ஏற்றியபோது எல்லா மாடிக்கும் பட்டனை அமுக்கிவிட்டாளாம். அதனால் 'பட்டன்' என்று பெயர் வைத்தீர்களாம். இப்போது சமையல்கார அக்காவிலிருந்து மேற்பார்வையாளர் அம்மா வரை எல்லாருக்கும் அவள் பட்டன்தான்.

'சனிக்கிழமைத் துணை' திட்டத்தில் உங்கள் இடத்துக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். விதிகள் உங்களுக்குத் தெரியும். நான்கிலிருந்து ஆறு வரை குழந்தையோடு இருக்க வேண்டும், வெளியே அழைத்துப் போகலாம். பாடம் நடத்தக் கூடாது. பரிசு தரக் கூடாது. பாடம் நடத்தாமலிருக்கத்தான் என் நாக்கை அடக்க வேண்டியிருக்கிறது. நிறுத்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே குழந்தையிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது விதி.

நீங்கள் சொல்லவில்லை. ஓர் ஆண்டு இரண்டு மாதம் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவர் மூன்று சனிக்கிழமையாக இல்லை. ராஜினாமா கடிதம் மட்டும் தபாலில் வந்ததாம். பட்டன் மடியில் ஒரு ஷூ டப்பாவை வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பூங்காவுக்குப் போகலாமா என்றேன். "இது லிப்ட் மாமாவோட டைம்" என்று ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

உங்கள் தொலைபேசிக்கு எட்டு முறை அடித்தேன், எட்டு முறையும் துண்டித்துவிட்டீர்கள். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஓர் உதாரணம். வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு மாணவனுக்கு 'வரவில்லை' என்று தவறாகப் போட்டுவிட்டால் அவன் எழுந்து, "நான் இருக்கேன் டீச்சர்" என்பான், சிரிப்பான். அவன் பெயரையே படிக்காமல் தாண்டிப் போய்விட்டால்? சாயங்காலம் வரை தலை நிமிர மாட்டான்.

ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்கு.

இப்படிக்கு,
டீச்சர்

ஜூன் 15, ஞாயிறு

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கம்பெனி ஆபீஸ் வழியாக வந்து சேர்ந்தது. கிரீஸ் கையோடு பிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இரண்டாம் பக்கம் பாதி கறுப்பாகிவிட்டது. படித்த பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். மாற்றல் ஆர்டர் வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமை இரவு பஸ் ஏறச் சொன்னார்கள். இங்கே பத்தொன்பது மாடி ஆஸ்பத்திரி, ஆறு லிப்ட். ஸ்ட்ரெச்சர் ஏறும் லிப்ட் நின்றால் நான் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓட வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க எனக்கே ஒரு மாதம் யாரும் தரவில்லை. விதியை மீறியது தப்புதான். ராஜினாமா எழுதி அனுப்பினேன், மேற்பார்வையாளர் அம்மா கையெழுத்துப் போட்டார்கள், முடிந்தது.

குழந்தைகள் மறந்துவிடும் டீச்சர். என்னையும் சின்ன வயதில் விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. நான் மறக்கவில்லையா?

நீங்கள் வாத்தியார். கதை சொல்லத் தெரியும். ஆனால் பறக்கும் கம்பளம் மாதிரிக் கதைகளை அவளிடம் சொல்லாதீர்கள். அதற்கு என்ன மோட்டார் என்று கேட்பாள். பிரேக் எங்கே என்று கேட்பாள். மாட்டிக்கொள்வீர்கள்.

தயவுசெய்து இனி எழுத வேண்டாம். இங்கே நிற்க நேரமில்லை.

லிப்ட் மெக்கானிக்

பின்குறிப்பு: அந்த ஷூ டப்பாவில் என்ன செய்கிறாள்?

ஜூன் 22, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

பின்குறிப்புக்கு முதலில் பதில். லிப்ட் செய்கிறாள். டப்பாவை நிறுத்தி வைத்து, மேலே ஒரு நூல்கண்டுக் கட்டையைச் சக்கரமாக மாட்டியிருக்கிறாள். தீப்பெட்டி மேலும் கீழும் போகிறது. நூலின் மறுமுனையில் எதிர் எடைக்குச் சோப்புத் துண்டு. சோப்பு வழுக்கி வழுக்கி விழுகிறது. நான் பிடிக்கப் போனேன். "தொடாதீங்க. மாமா வந்து பாக்கணும்."

இனி நான் சொல்ல வந்தது. இதை எழுதத் தொடங்கி மூன்று முறை எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, மறுபடி திறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

நேற்று அவள் என்னைக் கேட்டாள்: "ஸ்கூல்ல வரலைன்னா லீவ் லெட்டர் குடுக்கணும்ல? மாமா குடுத்தாரா?"

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளியில் பாதிப் பெற்றோருக்கு எழுதத் தெரியாது. காய்ச்சல் முடிந்து வரும் பிள்ளை கடிதம் இல்லாமல் வாசலில் நின்று அழும். நானே ஒரு தாளைக் கிழித்து, 'என் மகனுக்கு உடல்நிலை சரியில்லாததால்' என்று அவன் அப்பா எழுதுவது போல எழுதி, பையன் கையில் கொடுத்து, என்னிடமே கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொள்வேன். இப்படி நூற்றுக்கணக்கில் எழுதியிருப்பேன். யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

"குடுத்தாரு. உள்ள வச்சிருக்கேன்" என்றேன். அலுவலக அறையில் போய் உட்கார்ந்து எழுதினேன். காய்ச்சல் காரணமாக மே 24 முதல் ஜூலை 12 வரை எட்டுச் சனிக்கிழமைகள் வர இயலாது, விடுப்பு அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கீழே, 'லிப்ட் மாமா'.

அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். பேனா கேட்டாள். தலைமை ஆசிரியை மாதிரி ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, டப்பா மூடிக்குள் வைத்தாள். "அப்போ பத்தொம்பதாம் தேதி வருவாரு" என்றாள்.

இன்னும் நான்கு சனிக்கிழமை இருக்கிறது. உங்கள் பெயரில் நான் செய்த தவறு இது. திருத்துவதற்கு உங்களால் மட்டும்தான் முடியும்.

டீச்சர்

ஜூன் 27, வெள்ளி

டீச்சர்,

எனக்குக் காய்ச்சலா? நல்லது. எட்டு வாரம் படுக்கிற காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று அவள் கேட்கவில்லையா? கேட்டிருப்பாள்.

எங்கள் தொழிலில் ஒன்று சொல்கிறேன், நீங்கள்தான் உதாரணம் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு கட்டடத்திலும் லிப்ட் மோட்டார் அறையில் ஒரு பதிவேடு தொங்கும். மாதா மாதம் பிரேக், கயிறு, கதவு எல்லாம் பார்த்தவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காதவனுக்காக இன்னொருவன் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் சீனியர் ஒருவர் நல்ல மனசில்தான் போட்டார். உடன் வேலை பார்க்கிறவனுக்குக் கல்யாணம், லீவு கிடைக்கவில்லை என்று. அந்த மாதம் யாரும் பார்க்காத பிரேக் அடுத்த மாதம் பிடிக்கவில்லை. நல்ல மனசு பிரேக்குக்குத் தெரியாது டீச்சர்.

பத்தொன்பதாம் தேதி என்ன செய்வீர்கள்? விடுப்பு நீட்டிப்பா? காய்ச்சல் முற்றிவிட்டது என்று எழுதுவீர்களா? பிறகு ஒருநாள் என் சாவுக்கும் நீங்களே அறிவிப்புப் போட்டுவிடுவீர்களா?

அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். மாமாவுக்கு மாற்றல், இனி வர மாட்டார். ஒரு வரி. நீங்கள் என்னிடம் கேட்டீர்களே, அதே ஒரு வரி. நீங்களே சொல்லிவிடுங்கள்.

இந்த மூன்று நாளாக இரண்டாம் நம்பர் லிப்ட் ஒன்பதாம் மாடியில் காரணமே இல்லாமல் நிற்கிறது. எனக்கும் தூக்கம் இல்லை. இரண்டுக்கும் உங்கள் கடிதம் காரணம் என்று சொல்லவில்லை.

லிப்ட் மெக்கானிக்

ஜூலை 1, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் திட்டியது அத்தனையும் எனக்கு வேண்டியதுதான். பிரேக் உதாரணம் என்னுடையதை எல்லாம்விட நன்றாக இருக்கிறது. அதைப் படித்த பிறகு சமையலறைக்கும் வாசலுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியவில்லை. முழங்கால்தான் எண்ணியிருக்கும்.

மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பட்டனின் கோப்பைப் பிரித்தார். துணை வேண்டும் என்று பதினோரு குழந்தைகள் வரிசையில் இருக்கிறார்கள். ஒரு குழந்தை எட்டு வாரம் தன் துணையோடு வாசலைத் தாண்டவில்லை என்றால் 'துணை பொருந்தாத குழந்தை' என்று எழுதி முடித்துவிட வேண்டுமாம். முடித்த கோப்பை மறுபடி திறப்பதில்லை. நான் வந்ததிலிருந்து எட்டாவது சனிக்கிழமை ஜூலை 26, அதுவரை பார்க்கலாம், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார். அதாவது, பட்டனுக்கென்று சனிக்கிழமை நான்கு மணிக்கு யாரும் வர மாட்டார்கள். நான் வர மாட்டேன், வேறு யாரும் வர மாட்டார்கள். பதினெட்டு வயது வரை.

கோப்பின் முதல் பக்கத்தையும் காட்டினார். நான்கு வயதில் அவளைக் கொண்டுவந்து விட்ட அம்மா, வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னாராம். உங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

நான் சொல்லிவிடலாம் என்கிறீர்கள். உங்கள் கடிதம் வரும் முன்பே, சனிக்கிழமை, சொல்லத்தான் போனேன். நான் வாயெடுக்கும் முன் அவள் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தாள். பாடம் நடத்தக் கூடாது என்ற விதி அவளுக்குக் கிடையாது. லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் மெக்கானிக் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். மின்சாரத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். "தப்பு" என்றாள். கதவைத் திறக்க வேண்டும் என்றேன். "தப்பு. மொதல்ல கதவைத் தட்டி, 'நான் வந்துட்டேன், இத்தனை நிமிஷம் ஆகும்'னு சொல்லணும். அப்புறம்தான் ஸ்பேனரே எடுக்கணும். இல்லைன்னா உள்ள இருக்கறவங்க கதவை உதைப்பாங்க. மாமா சொல்லிக்குடுத்தாரு."

ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு பெற்ற நாளில் ஏழாம் வகுப்பில் எரிமலை நடத்திக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. "மீதியை நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த நாற்பது பேருக்கும் அதுதான் கடைசி நாள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. ஆகவே உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் கதவைத் தட்ட வேண்டியவர் நீங்கள்தான். மாட்டிக்கொண்டவருக்கு யாருடைய குரல் வேண்டுமோ அந்தக் குரல்தான் கேட்க வேண்டும்.

டீச்சர்

ஜூலை 8, செவ்வாய்

டீச்சர்,

இரண்டு நாள் இந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். வியர்வையில் நனைந்ததை எறிந்துவிட்டு இது வேறு தாள்.

நான் சொல்லாமல் வந்தது மாற்றல் அவசரத்தால் இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை நான் வந்தேன். பஸ் ராத்திரிதான். நாலு மணிக்கு இல்லத்துக்கு எதிர்ப்பக்கம், பூட்டுச் சாவி கடை இருக்கிறதே, அங்கே பையோடு நின்றேன். ரோட்டைக் கடந்தால் கேட். அவள் படியில் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தைய வாரம்தான் எதிர் எடை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். செய்து காட்டக் காத்திருந்தாள்.

இருபது மாடிக் குழியில் ஒற்றைக் கயிற்றில் தொங்கியிருக்கிறேன். பயந்ததில்லை. அங்கே ரோட்டைக் கடக்க முடியவில்லை. சாவிக் கடைக்காரர், "என்ன தம்பி, சாவி தொலைஞ்சிடுச்சா?" என்றார். சும்மா நிற்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று என் அறைச் சாவியை நீட்டிவிட்டேன். இன்னொன்று வெட்டிக் கொடுத்தார். காலையில் காலி செய்துவிட்ட அறை அது. மூலச் சாவியைப் போகிற வழியில் வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது எந்தக் கதவையும் திறக்காத ஒரு சாவி என்னிடம் இருக்கிறது. அது வெட்டி முடியும் வரை நின்றேன். முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

வந்தால் என்ன சொல்வது? ஒரு வருஷம் இரண்டு மாதம் அவளோடு இருந்துவிட்டு, நானும் அவள் அம்மா மாதிரிதான் என்றா? சொல்லாமல் போனால் கொஞ்ச நாள் ஆள் காணோம் என்று இருக்கும், பிறகு பழகிவிடும் என்று நினைத்தேன். எனக்குப் பழகியது என்று உங்களுக்கு எழுதினேனே, அது பொய்.

பத்தொன்பதாம் தேதி எனக்கு ஷிப்ட். மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. அந்தச் சாவிக் கடையைத் தாண்டி என்னால் வர முடியும் என்று தோன்றவில்லை. உங்களால் முடிந்ததைச் சொல்லிவிடுங்கள்.

லிப்ட் மெக்கானிக்

ஜூலை 13, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று எட்டாவது சனிக்கிழமை. டப்பா மூடிக்குள் சனிக்கிழமைக்கு ஒன்றாக அவள் வரைந்து வைத்திருந்த எட்டுக் கட்டங்களில் கடைசியில் டிக் போட்டாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த லீவ் லெட்டர் நான் எழுதினது, மாமாவுக்குக் காய்ச்சல் இல்லை என்றேன். அழுவாள், கத்துவாள், டப்பாவை என் மேல் எறிவாள் என்று முப்பத்து நான்கு ஆண்டு அனுபவத்தில் என்னென்னவோ எதிர்பார்த்து, மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன்.

"தெரியும்" என்றாள்.

மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"சாவிக் கடையில நின்னாரு. பெரிய பை இருந்துச்சு. காய்ச்சக்காரர் பை தூக்கிட்டு நிப்பாரா டீச்சர்? சாவி போட்டுட்டு அப்படியே போனாரு."

தெரிந்தும் ஏன் 'சரி' என்று எழுதினாய் என்று கேட்டேன்.

"நீங்க கஷ்டப்பட்டு எழுதுனீங்க."

வெகு நேரம் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, நான் கேட்காமலே, கேட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "லெட்டர் இருந்தா லீவுன்னு அர்த்தம். லெட்டர் இல்லைன்னா போயிட்டாங்கன்னு அர்த்தம். எங்கம்மா லெட்டர் குடுக்கல."

அவர் பத்தொன்பதாம் தேதி வராமலும் போகலாம் என்று சொன்னேன். தெரியும் என்றாள். ஆறு மணி வரைக்கும் பார்ப்பாளாம். அதற்கப்புறம் டப்பாவைச் சமையல்கார அக்காவின் அடுப்பில் போட்டுவிடுவாளாம். "அப்புறம் நீங்களும் வர வேணாம் டீச்சர். யாரும் வேணாம்." கோபமாகச் சொல்லவில்லை. கடையில் இன்றைக்குப் பால் இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

இனி என்னால் முடிந்தது என்று ஒன்றும் இல்லை, தம்பி. அவளுக்குப் புதிதாக எந்த வலியையும் நீங்கள் கொண்டுவரப் போவதில்லை. நீங்கள் சொல்ல அஞ்சுகிற சேதி அவளிடம் ஏழு வாரமாக இருக்கிறது. இல்லாதது, அதைச் சொல்கிற ஆள் மட்டும்தான்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு நானும் அந்தப் படியில் இருப்பேன்.

டீச்சர்

ஜூலை 20, ஞாயிறு

டீச்சர்,

பஸ்ஸில் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் ரோட்டைத் திட்டுங்கள்.

ஷிப்டுக்கு ஆள் கிடைத்தான். அடுத்த இரண்டு ஞாயிறும் அவனுக்காக நான் நிற்க வேண்டும்.

நான் சாவிக் கடையில் நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுச் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டீர்கள். கூப்பிட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மறுபடியும் தொலைச்சுட்டியா?" என்றார். இந்தத் தடவை இல்லை என்றேன். ரோட்டைக் கடக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. அப்புறம் நீங்கள் எழுந்து உள்ளே போய்விட்டீர்கள். ஒரு டீச்சருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. அதனால் நீங்கள் கேட்காததை எழுதுகிறேன்.

"லேட்டு" என்றாள்.

"ஆமா."

"காய்ச்சல் சரியாயிடுச்சா?" முகத்தில் சிரிப்பே இல்லை.

காய்ச்சல் இல்லை, மாற்றல், அன்றைக்கே தெரியும், பயத்தில் ஓடிவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்டுக்கொண்டாள். பரீட்சை வைக்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட மொதல்ல என்ன சொல்லணும்?"

"எவ்ளோ நேரம் ஆகும்னு."

"சொல்லுங்க."

சொன்னேன் டீச்சர். "இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் இருப்பேன் பட்டன். அதுக்கப்புறம் சனிக்கிழமை வர மாட்டேன். இதுதான் கடைசி."

அப்போதுதான் அழுதாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். டப்பா நனையக் கூடாது என்பதற்காக. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு தாளும் பேனாவும் நீட்டினாள். எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதினேன். தேதி போடவில்லை என்று திருப்பித் தந்தாள். போட்டேன். ஓரத்தில் 'சரி' என்று எழுதினாள். உங்கள் லெட்டருக்குப் பக்கத்தில் இதையும் வைத்தாள்.

மீதி ஒரு மணி நேரம் லிப்ட் பார்த்தோம். அந்தச் சாவியை எடுத்துக் காட்டினேன். சோப்புக்குப் பதிலாக எதிர் எடைக்கு ஆகுமே என்று. கட்டிப் பார்த்தாள். தீப்பெட்டி அசையவில்லை. "வெயிட் பத்தல" என்று அவிழ்த்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். சிரித்துவிட்டேன். அவளும் கொஞ்சம்.

ஆறு மணிக்குக் கை கொடுத்தாள். அவ்வளவுதான்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இங்கே நான் சாப்பிடுகிற கடைக்குப் பக்கத்திலும் இந்த மாதிரி ஒரு திட்டத்தின் போர்டு தொங்குகிறது. ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் தாண்டிப் போகிறேன். எனக்கு அதற்கு லாயக்கு இருக்கிறதா? உள்ளே போனால் முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

லிப்ட் மெக்கானிக்

ஜூலை 27, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நான்கு மணிக்கு அவள் படியில் இல்லை. கேட்டுக்கு உள்ளே, செருப்புப் போட்டுக்கொண்டு, டப்பாவைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். "எங்க போறோம்?" என்றாள்.

எங்கே என்று யோசித்து வைக்காத முட்டாள் நான். தெரு முனைவரை நடந்தோம். சாவிக் கடைக்காரரிடம் எடையுள்ள பழைய பூட்டு ஏதாவது இருக்கிறதா என்று அவளே கேட்டாள். துருப்பிடித்த ஒன்றைக் கொடுத்தார். பரிசு தரக் கூடாது என்ற விதி கடைக்காரருக்குப் பொருந்துமா என்று யோசித்தேன், கேட்கவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கட்டினாள். "இந்த நூலைப் பிடிங்க" என்றாள். எட்டு வாரத்தில் அந்த டப்பாவில் என் விரல் பட்டது அப்போதுதான். தீப்பெட்டி மூன்றாம் மாடிவரை ஏறி நின்றது. இரண்டாம் மாடியில் நிற்க வேண்டுமாம். நூலைக் குறைக்கப் போகிறாள்.

மேற்பார்வையாளர் அம்மா கோப்பில் ஒரே வரி எழுதினார்: 'வெளியே சென்றார்கள்.' அதற்காகவா இவ்வளவு அலைந்தோம் என்று தோன்றியது. அதற்காகத்தான்.

திரும்பி வரும் வழியில் அவள் மறுபடியும் கேட்டாள். "நீங்க எந்தச் சனிக்கிழமையிலேருந்து வர மாட்டீங்க?"

இந்த முறை சொன்னேன். டிசம்பர் 27 வரை வருவேன். அதற்குப் பிறகு முழங்காலில் அறுவை. ஆறு சனிக்கிழமை வர முடியாது. அது முடிந்து எந்தத் தேதியில் வருவேன் என்பதையும் சொன்னேன். நின்று என் காலைப் பார்த்தாள்.

"நெஜமாவே ஆபரேஷனா, இல்ல லீவ் லெட்டர் ஆபரேஷனா?"

மருத்துவர் கொடுத்த சீட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். படித்தாள். எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். தேதியைச் சரிபார்த்து 'சரி' போட்டாள். நல்ல பிள்ளை என்று தலையைத் தடவப் போனேன், நகர்ந்துகொண்டாள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது போல.

ராத்திரி உட்கார்ந்து அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இப்போது எட்டாம் வகுப்பில் இருப்பார்கள். எரிமலையின் மீதிப் பாடம் நாளை இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும், சொல்லாமல் வந்தது தவறு என்று எழுதியிருக்கிறேன். நாளைக்குத் தபாலில் போடுவேன்.

உங்களுக்கு லாயக்கு இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஒருமுறை பாதியில் நின்ற லிப்டை நீங்கள் மறந்துவிடுவீர்களா? மறக்க மாட்டீர்கள். அதுதான் லாயக்கு. நான் இவ்வளவு காலம் உதாரணங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை உதாரணம் இல்லை.

அந்தப் போர்டுக்கு உள்ளே போங்கள். குழந்தையின் எதிரே உட்காருங்கள். பெயரைக் கேட்பதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து, எந்தத் தேதிவரை வருவேன் என்று எழுதி, உங்கள் கையாலேயே கையெழுத்துப் போட்டு, அந்தக் குழந்தையின் கையில் கொடுங்கள்.

டீச்சர்